திரைக்கு முன் பேரேடு: என் எஸ்டீமுக்கு டிஜிட்டல் டேஷும் டேட்டா லாகரும் வாங்கிய கணக்கு

காரைக்குடியில் இருந்துகொண்டு, பந்தயப் பாதையில் ஓட்டவென்று ஒரு ட்ராக் கார் வைத்திருப்பவனுக்கு முதல் சங்கடம், ஓட்டிப் பார்க்கப் பக்கத்தில் ட்ராக் இல்லை என்பதுதான். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே அதைவிடப் பக்கம்தான் என்றாலும், வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால் பாதிப் பகல் வழியிலேயே போய்விடுகிறது. பெயரில் செட்டி இருப்பதைத் தவிர எங்களுக்கும் அந்த ஊருக்கும் வேறு உறவு கிடையாது. ஆண்டுக்கு ஐந்து ட்ராக் நாள் கிடைத்தால் அதிகம். நாளொன்றுக்கு இருபது நிமிடமாக நான்கு முறை உள்ளே விடுவார்கள். கூட்டிப் பார்த்தால் ஆண்டு முழுவதற்கும் ஏழு மணி நேரம்கூட ஓடுவதில்லை. மீதி நாளெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்க, அந்த ஏழு மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதை நான் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வட்டித் தொழில் செய்தவர்கள் அன்றாட வரவுசெலவைச் சிட்டையில் குறித்து, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை இருக்க, ஊரில் இருந்த முதலாளி அங்கிருந்து வந்த கணக்கைப் படித்தே கடையின் நிலவரத்தை அறிந்துகொண்டார். ஏஜெண்டின் முகத்தைப் பார்த்து அல்ல. ட்ராக்கிலிருந்து 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் நிலையும் அதுவேதான். டிஜிட்டல் டேஷ், அதாவது ஓட்டும்போது எண்களைக் காட்டும் திரை, கல்லாவின் மேல் கண்ணுக்குத் தெரியும் காசு. டேட்டா லாகர், அதாவது அந்த எண்களை நொடிக்கு நொடி பதிந்து வைக்கும் கருவி, பேரேடு. மூன்று ஆண்டுகளில் மூன்று கருவிகளை மாற்றிய பிறகு எனக்கு வந்த புத்தி, முதலில் பேரேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு எந்தத் திரை ஒட்டி வருகிறதோ அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதாகும். கடைக்காரர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

என்னுடைய வண்டி, அப்பச்சி 1996இல் வாங்கிய மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர் ஜி13பி இன்ஜின், கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், ஒரே ஒரு இக்னிஷன் காயில். இசியூ என்ற இன்ஜின் கணினி கிடையாது, எனவே வண்டியின் கணினிகள் எண்களைப் பரிமாறிக்கொள்ளும் கேன் பஸ் வயரும் கிடையாது, அவற்றைப் படிக்கக் கருவியைச் செருகும் ஓபிடி கப்ளரும் கிடையாது. வண்டிக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண் என்று எதுவும் இல்லாததால், எதைத் தெரிந்துகொள்ள விரும்பினாலும் அதற்கு ஒரு சென்சார் வாங்கி, அதற்கு ஒரு துளை கண்டுபிடித்து, அதிலிருந்து மூன்று வயர் இழுத்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்தாலேயே சந்தையில் உள்ள கருவிகளில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. உங்கள் வண்டி வேறாக இருந்தால் முடிவும் வேறாகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் ஆண்டு நான் பயன்படுத்தியது கைப்பேசியும், ரேஸ்க்ரோனோ செயலியும், ரேஸ்பாக்ஸ் மினி என்ற சின்ன ஜிபிஎஸ் பெட்டியும். குறைவான செலவில் தொடங்குகிறவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். கைப்பேசியில் உள்ள ஜிபிஎஸ் பொதுவாக விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கிறது. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 30 மீட்டர் நகர்ந்துவிடும்; ஒரு திருப்பத்தின் நுழைவும் உச்சியும் அந்த 30 மீட்டருக்குள்ளேயே முடிந்துபோகலாம். ரேஸ்பாக்ஸ் மினி விநாடிக்கு 25 முறை குறிக்கிறது. அதே வேகத்தில் 1.2 மீட்டருக்கு ஒரு புள்ளி. கைப்பேசி வரைந்த கோட்டையும் இது வரைந்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முன்னது சிறுபிள்ளை போட்ட கோலம் போலவும் பின்னது ஆச்சி போட்ட கோலம் போலவும் இருக்கும். ஆன்டெனாவை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். எங்கள் சீமையை வானம் பார்த்த பூமி என்பார்கள். ஜிபிஎஸ்ஸும் அந்த ஜாதிதான், வானத்தைப் பார்க்காமல் அதற்கு விளைச்சல் இல்லை. வண்டி உருண்டால் காக்கும் ரோல் கேஜின் குழாய்க்கு அடியில் செருகி வைத்திருந்த முதல் நாளில் பாதி லேப் (ட்ராக்கை ஒருமுறை முழுதாகச் சுற்றுவது ஒரு லேப்) கோணலாகவே பதிந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. வண்டி எங்கே இருந்தது, எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது என்பதோடு அதன் அறிவு முடிகிறது. அதே வகையில், கார்மின் நிறுவனம் 2020இல் கொண்டுவந்த கேட்டலிஸ்ட், கேமராவும் குரல்வழிப் பயிற்சியும் சேர்த்துத் தருகிறது. ஓட்டுநரைத் திருத்துவதற்கு அது நல்ல கருவி என்று அதை வைத்திருக்கும் நண்பர் சொல்கிறார், அவருடைய நேரமும் குறைந்திருக்கிறது. ஆயில் பிரஷர் எவ்வளவு என்று அதனிடம் கேட்க முடியாது. புதிய வண்டியை வாரண்டியோடு ஓட்டுகிறவருக்கு அந்தக் கேள்வி தேவைப்படாமல் இருக்கலாம். ஏறக்குறைய முப்பது வயதான இன்ஜினை நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்கு விரட்டுகிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

இரண்டாம் ஆண்டு செய்தது தவறு. இணையக் கடை ஒன்றில் ஏழு அங்குலத் திரை கொண்ட பெயர் தெரியாத டேஷ் ஒன்றை, படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். ஏதோ விமானத்தின் முகப்பைப் போல வட்டங்களும் பட்டைகளுமாக மின்னியது. கூடத்தில் பேட்டரியை வைத்து இணைத்துப் பார்த்தபோது வீடே கூடி நின்று ரசித்தது. மறுநாள் அதை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய், பகல் பன்னிரண்டு மணிக்கு, சித்திரை வெயிலில் வைத்துப் பார்த்தேன். என் முகம் தெரிந்தது, எண்கள் தெரியவில்லை. விளம்பரக் காணொளிகள் எல்லாம் ஏன் இருட்டான அறைக்குள் எடுக்கப்படுகின்றன என்பது அன்றைக்கு விளங்கியது. பதிவு செய்யும் வசதி உண்டு என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் அது விநாடிக்கு ஒரு வரி வீதம் ஒரு கோப்பில் எண்களை அடுக்கியதோடு சரி, அதைத் திறந்து படிக்க மென்பொருள் எதுவும் தரவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் ஒன்பதை ஒட்டி இறங்குவது எந்த வண்டியிலும் இயல்பு. அந்தச் சமயத்தில் இந்தத் திரை அணைந்து மீண்டும் எழும். எழும்போது பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதைத் தொடங்கும். விற்றவரிடம் கேட்டதற்கு, இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்துவிட்டுப் பிறகு டேஷைப் போடுங்கள் என்று பதில் வந்தது. இப்போது அது கொட்டகையில் பரண்மேல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்து, வண்டியிடம் என்னென்ன கேள்வி கேட்கப் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதினேன். வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் செய்ய வேண்டிய வேலை இது. ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு அடிக்கடி விடை வேண்டும் என்பது மாறுகிறது. தண்ணீர் வெப்பம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவது. அதை விநாடிக்கு ஒருமுறை குறித்தால் போதும். ஆயில் பிரஷர் அரை விநாடியில் விழுந்து மீண்டும் எழுந்துவிடும். அதற்கு விநாடிக்கு 50 முறையாவது குறிக்க வேண்டும். சஸ்பென்ஷன் மேடுபள்ளத்தில் எப்படித் துடிக்கிறது என்று பார்க்க நூற்றுக்கணக்கில் தேவைப்படும்; எனக்கு அது இப்போது தேவை இல்லை என்று அடித்துவிட்டேன். ஆயில் பிரஷர், ஆயில் வெப்பம், தண்ணீர் வெப்பம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, ஏர் ஃபியூயல் விகிதம் (காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம்), இன்ஜின் சுற்று, வேகம் ஆகிய ஏழும் மிஞ்சின. வேகத்தை ஜிபிஎஸ் தந்துவிடும். சுற்று காயிலிலிருந்து வரும். மீதி ஐந்துக்கு, சென்சார் தரும் வோல்டேஜைப் படிக்கும் அனலாக் உள்ளீடு வேண்டும். பின்னாளில் பிரேக் பிரஷருக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேண்டியிருக்கும். ஆக, ஏழு உள்ளீடாவது இல்லாத கருவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்தக் கணக்கில் தேறியதுதான் இத்தாலியின் எய்ம் நிறுவனம் செய்யும் எம்எக்ஸ்எஸ் 1.2. ஐந்து அங்குலத் திரை, மேலே கியர் மாற்றும் நேரத்தைச் சொல்லும் பத்து ஷிஃப்ட் விளக்குகள், எட்டு அனலாக் உள்ளீடுகள், 4 ஜிபி நினைவகம், உள்ளேயே முடுக்கமானி, வயர் இழுத்துத் தனியாக ஒட்டிக்கொள்ளும் ஜிபிஎஸ் ஆன்டெனா, பதிவை இறக்கிக்கொள்ள வைஃபை. இதே தோற்றத்தில் ஸ்ட்ராடா என்ற வகை ஒன்றும் விற்கிறது. விலை குறைவாக இருப்பதைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள். அது சாலையில் ஓடும் வண்டிகளுக்கானது, காட்டும், பதியாது. பேரேடே இல்லாத கடை.

வெளிநாட்டிலிருந்து வருவிப்பதால் விலையோடு சுங்கமும் வரியும் கூடும். கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள். பெட்டிக்குள் இருப்பது என்ன பொருள் என்பதை நீங்களே எழுத்தில் விளக்க வேண்டி வரலாம். சென்சார்கள், வயர் கட்டு, வரி எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டு லட்ச ரூபாயை ஒட்டி ஆனது. வண்டியின் இன்றைய விலையைவிட அதிகம் என்று வீட்டில் சொன்னார்கள். மறுக்க முடியவில்லை.

பொருத்திய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் அதற்குள் போகும் எண் பொய்யாக இருந்தால் அது பொய்யைத்தான் துல்லியமாகப் பதியும். இன்ஜின் பிளாக்கில் ஆயில் விளக்குக்கான சுவிட்ச் இருக்கும் துளையில்தான் பிரஷர் சென்சாரைப் பொருத்த வேண்டும். ஜப்பானிய வம்ச இன்ஜின்களில் அந்தத் துளையின் மரை எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பிடி. பந்தயச் சென்சார்களில் பெரும்பாலும் வருவதோ எட்டில் ஒரு அங்குல என்பிடி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முன்னதில் அங்குலத்துக்கு 28 மரை, 55 டிகிரி கோணம்; பின்னதில் 27 மரை, 60 டிகிரி. கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று இனிமையாக ஏறும். அதற்குமேல் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும், அல்லது சூடேறியதும் ஆயில் கசியும். காரைக்குடியில் உள்ள ஒரு லேத் பட்டறையில் ஒருபக்கம் பிஎஸ்பிடியும் மறுபக்கம் என்பிடியுமாகப் பித்தளையில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) கடைந்து வாங்கினேன். சென்சாரை அதன்மேல் நேராகத் தொங்கவிடாமல், ஒரு சிறு ஹோஸ் வைத்து, இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். இன்ஜினின் அதிர்வில் கனமான சென்சார் ஆடிக்கொண்டே இருந்தால் பித்தளை ஒருநாள் முறிந்து, ஆயில் முழுவதும் எக்ஸாஸ்ட் குழாயின் மேல் கொட்டும்.

அடுத்தது எர்த். இந்த வகைச் சென்சார் மூன்று வயர் கொண்டது: லாகர் தரும் 5 வோல்ட், சிக்னல், எர்த். பிரஷர் பூஜ்யமாக இருக்கும்போது 0.5 வோல்ட், 10 பார் (பார் என்பது பிரஷரின் அலகு) இருக்கும்போது 4.5 வோல்ட் திருப்பித் தருகிறது; அதாவது ஒரு வோல்ட்டுக்கு இரண்டரை பார். நான் சோம்பல்பட்டுச் சென்சாரின் எர்த்தைப் பக்கத்தில் இருந்த பாடி போல்ட்டில் கொடுத்திருந்தேன். வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டு வரைபடத்தைப் பார்த்தால், ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் ஆயில் பிரஷர் 0.3 பார் நகர்ந்து நின்றது, ஃபேன் நின்றதும் பழைய இடத்துக்கு வந்தது. ஃபேனுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு அண்ணன் வந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, மீட்டருக்கு எர்த்து ஒரு எடம், சென்சாருக்கு எர்த்து வேற எடம்னா ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஒரே எடத்துல குடுங்க" என்றார். ஃபேன் இழுக்கும் மின்சாரத்தால் அந்தப் போல்ட்டில் வெறும் 0.12 வோல்ட் வித்தியாசம் வந்திருக்கிறது; இரண்டரையால் பெருக்கினால் அந்த 0.3 பார். எல்லாச் சென்சார்களின் எர்த்தையும் லாகரின் சென்சார் எர்த் முனைக்கே திருப்பிக் கொண்டுவந்த பிறகு கோடு ஃபேனுக்கு அசையவில்லை.

இன்ஜின் சுற்றுக்கான வயரைக் காயிலின் மைனஸ் முனையிலிருந்து எடுத்தேன். அந்த முனையில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் சில நூறு வோல்ட் எகிறும். அதைத் தாங்கும் உள்ளீடு கருவியில் இருக்கிறதா என்று முதலில் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் ஸ்டார்ட்டிலேயே டேஷ் போய்விடும். இதில் அதற்கென்றே தனி உள்ளீடு இருந்தது. நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில் உள்ள இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்று அமைப்பில் சொல்ல வேண்டும். ஒன்று என்று சொன்னால் 3,000 சுற்று 6,000 ஆகத் தெரியும். கார்புரேட்டரின் த்ராட்டில் அச்சின் முனையில் ஒரு சுழல் பொட்டன்ஷியோமீட்டரை மாட்டியது, இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிராக்கெட் மூன்று முறை தப்பாக வந்து நான்காவது முறை சரியாக உட்கார்ந்தது.

இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர். அங்கே முதல் நாளின் இரண்டாவது ஓட்டத்தை இறக்கிப் பார்த்தபோது, இரண்டு லட்சமும் ஒரே வரைபடத்தில் திரும்பி வந்துவிட்டது. நீண்ட வலப்பக்கத் திருப்பம் ஒன்றில், இன்ஜின் 5,800 சுற்றில் இருக்க, 4 பாரில் நின்ற ஆயில் பிரஷர் 1.6 பாருக்கு விழுந்து, 0.7 விநாடி அங்கேயே கிடந்து, வண்டி நேரானதும் எழுந்திருக்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது, இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் முழுவதும் இடப்பக்கச் சுவரில் ஏறிக்கொள்கிறது. பம்ப்பின் உறிஞ்சு குழாய் ஆயிலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. ஏறக்குறைய 20 மீட்டர் தூரத்துக்கு என் பேரிங்குகள் வெறும் வயிற்றோடு ஓடியிருக்கின்றன, அதுவும் ஒவ்வொரு லேப்பிலும். அந்த நேரத்தில் என் கண் திருப்பத்தின் உச்சியில் இருந்தது. முள் மீட்டர் இருந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். பரண்மேல் கிடக்கும் ஏழு அங்குலத் திரை, விநாடிக்கு ஒருமுறை குறிப்பதால், அந்தப் பள்ளத்தின் மேலேயே தாண்டிக் குதித்துப் போயிருக்கும். அன்றைக்கு அரை லிட்டர் ஆயிலைக் கூடுதலாக ஊற்றி, அந்தத் திருப்பத்தில் நிதானமாகப் போய்ச் சமாளித்தேன். ஊருக்கு வந்து சம்ப்பைக் கழற்றி, உள்ளே தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தேன். அடுத்த முறை அதே இடத்தில் பிரஷர் 3.4 பாருக்குக் கீழே இறங்கவில்லை.

அபாய விளக்கை அமைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆயில் பிரஷர் 2 பாருக்குக் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டால், சூடான இன்ஜின், ட்ராக்கின் ஓரத்தில் வண்டிகள் நிற்கும் பிட்டில் ஐடிலில் நிற்கும்போதெல்லாம் அது எரிந்துகொண்டே இருக்கும், ஏனெனில் ஐடிலில் ஒரு பார் என்பது இயல்பு. இரண்டு நாளில் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பழகிவிடுவோம். பிறகு உண்மையான அபாயத்திலும் அதே பழக்கத்தில் ஓட்டுவோம். சுற்று 3,500க்கு மேல் இருக்க வேண்டும், அதோடு பிரஷர் 2 பாருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்டும் வசதி எம்எக்ஸ்எஸ்ஸில் இருக்கிறது. எந்த டேஷை வாங்குவதானாலும் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். என்னுடைய கணக்கில், திரையின் அளவைவிடப் பத்து மடங்கு முக்கியமான கேள்வி இது.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. ஐந்து அங்குலம் போதும். வெயிலில் வாசலில் வைத்த அதே சோதனையை இதற்கும் செய்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எண் வைத்தால் தெளிவாகத் தெரிகிறது, வண்ணப் பட்டைகள் வெளிறிப் போகின்றன. எனவே ஓடும்போது காட்டும் பக்கத்தில் நான் முதலில் நான்கே எண்களை வைத்திருந்தேன்: தண்ணீர், ஆயில் பிரஷர், கடைசி லேப், சிறந்த லேப்போடு ஒப்பிட்டு இந்த நொடியில் எவ்வளவு முன்பின். இந்தக் கடைசி எண் ஆசை காட்டி மோசம் செய்வது. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவீர்கள். மூன்றாம் நாளில் அதை எடுத்துவிட்டேன். ஷிஃப்ட் விளக்குகள் மட்டும் கண் ஓரத்திலேயே தெரிவதால் உண்மையாகப் பயன்படுகின்றன. ஆனால் டேஷை இறுக்கி மாட்டுமுன் ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, உங்கள் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டியரிங்கின் மேல் வளைவு அந்தப் பத்து விளக்குகளையும் சரியாக மறைத்துவிட்டதால் நான் பிராக்கெட்டை 25 மில்லிமீட்டர் கீழே இறக்கி மறுபடியும் துளை போட்டேன்.

இனி மென்பொருள். எய்மின் ரேஸ் ஸ்டூடியோ 3 இலவசம். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். முதல் பார்வைக்குச் சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து ஆயிரம் ஜன்னல் வீட்டுக்குள் அனுப்பியது போல இருக்கும். எந்தக் கதவு எங்கே போகிறது என்று பழக இரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு அடிப்படை வேலை ஒன்றுதான்: உங்களுடைய இரண்டு லேப்பை, நேரத்தை வைத்து அல்லாமல், தூரத்தை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எங்கே பிரிகின்றன என்று பார்ப்பது. என்னுடைய த்ராட்டில் கோட்டில் முதலில் கண்ணில் பட்டது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நொடிக்கும் பிரேக்கால் வேகம் விழத் தொடங்கிய நொடிக்கும் நடுவே இருந்த இடைவெளி. ஏறக்குறைய 0.4 விநாடி. மணிக்கு 126 கிலோமீட்டர் வேகத்தில் அது 14 மீட்டர். ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும், மிதிக்கவும் இல்லை பிடிக்கவும் இல்லை என்று சும்மா மிதந்துகொண்டு போயிருக்கிறேன். நான் கடைசி நொடிவரை மிதித்துக்கொண்டிருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பேரேடு வேறு கணக்குச் சொன்னது. அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்ததில், இன்ஜினில் ஒரு ரூபாய் செலவழிக்காமல், 2 நிமிடம் 14 விநாடியில் இருந்தவன் 2 நிமிடம் 12க்கு வந்தேன்.

ஒப்பிடுவதற்காக நண்பர் ஒருவரின் வண்டியில் உள்ள மோடெக் சி125 டேஷையும், அதன் ஐ2 மென்பொருளையும் ஒரு வாரம் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். 1987இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய நிறுவனம் அது. பந்தயக்காரர்களுக்குள் ஐ2வுக்கு இருக்கும் மரியாதை நியாயமானதுதான். பதிந்த எண்களிலிருந்து புதிய எண்களைக் கணக்கிடும் கணிதச் சேனல்களை எழுதுவதும், வரைபடங்களை நகர்த்துவதும் அதில் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகின்றன. ஆனால் ஐ2 ப்ரோவின் முழு வசதியைப் பயன்படுத்த, கருவியில் அதற்கான உரிமத்தைத் தனியாகப் பணம் கட்டித் திறக்க வேண்டும். பொருள் கையில் இருந்தும் பூட்டு அவர்களிடம் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அணியாகப் பந்தயத்தில் இறங்குகிறவர்கள், தனியாக ஒரு இன்ஜினியரை வைத்துப் பதிவைப் படிக்கிறவர்கள், அந்தப் பணத்தைக் கட்டலாம். ஆண்டுக்கு ஏழு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு ரேஸ் ஸ்டூடியோவே அதிகம்.

என்னைப் போலப் பழைய வண்டி வைத்திராதவர்களுக்குச் சில வார்த்தைகள். போலோ, புதிய ஸ்விஃப்ட் போன்றவற்றில் வண்டியே எல்லா எண்ணையும் கேன் பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை நேராகக் கேட்கத் தெரிந்த லாகருக்கு இரண்டு வயர் போதும். வாங்குமுன் உங்கள் வண்டியின் மாடலும் ஆண்டும் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணைத்த பிறகு வேலை செய்யாவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள்; இரு முனையிலும் 120 ஓம் தடுப்பு இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. ஓபிடி கப்ளரில் செருகும் மலிவான புளூடூத் குமிழ்களை நம்பி இறங்காதீர்கள். அவை ஒவ்வொரு எண்ணையும் கேட்டுக் கேட்டு வாங்குபவை. ஐந்து எண்ணைக் கேட்டால் ஒவ்வொன்றும் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் வந்து சேரும். ஹால்டெக் போன்ற தனி இசியூவைப் போட்டவர்களுக்கு அந்த இசியூவே பதிவு செய்துகொள்ளும். அவர்கள் அதே நிறுவனத்தின் ஐசி-7 போன்ற திரையை ஒரே கேபிளில் இணைத்துவிட்டு, மிச்சப் பணத்துக்கு டயர் வாங்கலாம். போட்டியில் இறங்குகிறவர்கள் தங்கள் பிரிவின் விதிப் புத்தகத்தில் லாகருக்கு அனுமதி உண்டா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு பருவம் ஓடிய பிறகும் எம்எக்ஸ்எஸ் ஒருமுறைகூடப் பதியாமல் விட்டதில்லை. செம்மண் தூசி படிந்த கப்ளர்களை மட்டும் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கழற்றித் துடைக்கிறேன். பகலில் வண்டியை வெயிலில் நிறுத்தும்போது திரையின்மேல் ஈரத் துண்டு அல்ல, காய்ந்த வெள்ளைத் துணியைப் போர்த்துகிறேன். கண்ணாடி மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் எந்தத் திரைக்கும் ஆயுள் குறையும். எட்டு உள்ளீடுகளில் ஐந்து நிரம்பியிருக்கின்றன. முன் பிரேக்குக்கான பிரஷர் சென்சார் வந்துவிட்டது, அதன் மரை மாஸ்டர் சிலிண்டரின் மரையோடு ஒத்துவரவில்லை. பித்தளை அடாப்டர் லேத் பட்டறையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.